இருமல் கேட்கிற இடம்

உக்ரைனின் செர்னிவ்ட்ஸி நகரச் சந்தையில் பொத்தான் விற்கும் ஸோரியானா, ஊருக்கு வரும் புதுக் குறுநாடகம் எதையும் விட்டதில்லை. அவளிடம் ஒரே அளவுகோல்தான். நாடகம் உயிரோடிருந்தால் கூட்டம் தன்னை மறந்திருக்கும். செத்துப்போனால் இருமத் தொடங்கும்.

அன்றைய நாடகத்தை எழுதியவன், அவளை விட்டுவிட்டுப் போன கணவன் பொஹ்தான். மேடையில் ஒரு சமையலறை, வாயாடி மனைவி, பரம சாதுவான கணவன். பக்கத்திலிருந்த தோழி லியூபாவுக்குப் பொறுக்கவில்லை.

"எந்திரிடி, போயிடலாம். உன்னச் சந்தி சிரிக்க வெச்சிட்டான் பாவி!"

"சும்மா இருடி. நாடகம் நல்லாத்தான் இருக்கு."

"உன் முதுகெலும்பையும் பீட்ரூட்டோட சேத்து வேக வெச்சிட்டேனா?" என்று மேடை மனைவி கேட்டதும் அரங்கம் குலுங்கியது. அவள் பேசிய அத்தனையும் ஸோரியானா சண்டையில் சொன்னவை, ஓர் எழுத்துகூட மாறாமல். கணவன் பேசியபோதெல்லாம் கூட்டம் இருமியது. ஸோரியானா இரண்டையும் கேட்டுக்கொண்டு, திரை விழக் காத்திருந்தாள்.

திரை விழுந்ததும் வழக்கம்போல, "எழுதினவர் மேடைக்கு வரணும்!" என்று கூவினார்கள். முன்வரிசையிலிருந்த பொஹ்தான் கோட்டைச் சரிசெய்துகொண்டு எழுவதற்குள், ஸோரியானா மேடையேறிக் குனிந்து வணங்கி, அவனுக்கென்று வைத்திருந்த பூங்கொத்தையும் வாங்கிக்கொண்டாள்.

"ஏய், கீழ எறங்கு! எழுதினது நான்!"

"நீயும்தான் எழுதுன, யாரு இல்லேன்னது? இவங்க சிரிச்சதெல்லாம் நான் பேசினது. இருமுனதெல்லாம் நீயா எழுதுனது."

பொஹ்தான் பதில் சொல்ல வாயெடுத்தான். பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.