மூன்றாம் இலக்கம்

ஏழு மணி ஷிஃப்டுக்கு அவள் ஆறு ஐம்பதுக்கே வந்துவிடுவாள். பையில் சாப்பாட்டு டப்பா, மூக்குக் கண்ணாடி, இரண்டு பேனா, கோடு போட்ட ஒரு நோட்டு. அந்த நோட்டு வெளியே வந்தால் போதும், கன்ட்ரோல் ரூமில் ஒரு குரல் எழும்.

"வந்துட்டாங்கப்பா, மூணாம் இலக்கம்!"

அவள் கண்டுகொள்ள மாட்டாள். ஐம்பத்திரண்டு வயதில் இதைவிட மோசமான பட்டப்பெயரெல்லாம் கேட்டாகிவிட்டது.

அந்த அறைக்கு நூறு மீட்டர் கீழே, நாலு மாடி உயரத்துக்கு ஒரு டிடெக்டர் நின்றது. துகள்கள் ஒன்றோடொன்று முட்டிச் சிதறுவதைப் பதிந்து தருகிற கருவி. பதிந்ததைப் படித்து அர்த்தம் சொல்ல டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் ஏகப்பட்ட பேர் இருந்தார்கள். கருவிக்கு மின்சாரம் சரியாகப் போகிறதா, அதன் அறைகளுக்குள் வாயு அழுத்தம் சீராக இருக்கிறதா என்று திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் ஷிஃப்ட்காரர்களின் வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நாற்பத்திரண்டு வரி கொண்ட படிவம் ஒன்று வரும். எண் பச்சையாக இருந்தால் டிக், சிவப்பாக இருந்தால் போன். கடைசியில் கையெழுத்து. மற்றவர்களுக்கு ஐந்து நிமிட வேலை. அவளுக்கு அரை மணி ஆகும். ஒவ்வொரு எண்ணையும் புள்ளிக்குப் பின் மூன்றாம் இலக்கம் வரை நோட்டில் எழுதிவிட்டுத்தான் டிக் போடுவாள்.

"பச்சையா இருந்தா டிக் போட்டுட்டுப் போங்கக்கா. நம்பரையெல்லாம் எழுதி என்ன பரீட்சைக்கா போகப் போறீங்க?" என்பார் ஷிஃப்ட் லீடர். நாற்பது வயது டாக்டர். பழக நல்ல மனிதர். நாற்காலியை விட்டு எழுந்திருப்பது மட்டும் அவருக்கு ஆகாது.

"எழுதினாத்தான் தம்பி என் கண்ணு பார்க்கும்," என்பாள்.

அதற்கு ஒரு பழைய கதை உண்டு. இங்கே வருமுன் பன்னிரண்டு வருடம் பால் குளிரூட்டும் நிலையத்தில் இருந்தாள். அங்கேயும் ஒரு பதிவேடு, மணிக்கு ஒரு முறை வெப்பநிலை. ஒரு நாள் மேற்பார்வையாளர் நாள் முழுவதற்கும் நாலு டிகிரி, நாலு டிகிரி என்று முன்கூட்டியே நிரப்பிவிட்டு, "ஒரு கையெழுத்துதானே" என்று நீட்டினார். போட்டாள். சாயங்காலத்துக்குள் ஒரு தொட்டிப் பால் திரிந்துபோனது. விசாரணையில் மேற்பார்வையாளரின் எழுத்தை யாரும் பார்க்கவில்லை. கையெழுத்தைத்தான் பார்த்தார்கள். பார்க்காததற்குக் கையெழுத்துப் போடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தாள். அப்புறம் வாயுக் குழாய் வேலைக்கு இங்கே சேர்ந்து, ஷிஃப்ட் நாற்காலிவரை ஏறி வந்தாள். பட்டம் எதுவும் இல்லாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் அவள் ஒருத்திதான்.

அன்று காலை ஒன்பது மணிப் படிவத்தில் பத்தொன்பதாம் வரியில் நின்றுவிட்டாள். வாயு அழுத்தம்: 3.217. பச்சை.

நோட்டைப் பின்னால் புரட்டினாள். இன்று ஏழு மணிக்கு 3.217. நேற்று மூன்று மணிக்கு 3.217. ஒரு மணிக்கும் அதேதான். அதற்கு முன்னால் எப்போதும் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. வெளியே மேகம் கூடினால்கூட ஆடுகிற எண் அது.

நேற்றே கண்ணில் பட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு நாத்தனார் வருகிறாள் என்று அவசர அவசரமாகக் கிளம்பியிருந்தாள். வந்தவள் சோபாவில் சாய்ந்துகொண்டு, "அண்ணிக்கென்ன, எட்டு மணி நேரம் டிவி பார்க்கிற வேலை" என்றாள். அதற்காகவா ஓடினோம் என்று இப்போது பற்றிக்கொண்டு வந்தது.

"தம்பி, பத்தொன்பது நேத்து மத்தியானத்திலேருந்து அசையவே இல்ல."

"நல்லதுதானேக்கா. சீரா இருக்கு."

"இவ்வளவு சீரா எதுவும் இருக்காது. வாயு ரூமுக்குப் போய் மீட்டர் முள்ளைப் பாருங்க."

வாயு ரூம் தனிக் கட்டடம், போகப் பத்து நிமிட நடை. துகள்கள் மோதிக்கொண்டிருக்கும்போது ஷிஃப்ட்காரர் நாற்காலியை விட்டு நகரக்கூடாது என்பது விதி. லீடர் போகலாம்.

"பச்சைக்கு யாராவது நடப்பாங்களாக்கா? டிக் போடுங்க."

"போடமாட்டேன்."

ஒரு வரி காலியாக இருந்தால் படிவம் உள்ளே போகாது. கால் மணி நேரம் போகாவிட்டால் ஒருங்கிணைப்பாளருக்குத் தானாகவே தகவல் போய்விடும். கதவைத் தள்ளிக்கொண்டு அவரே வந்து நின்றார். யார் எந்த ஷிஃப்ட் என்று மாதப் பட்டியல் போடுகிறவர் அவர்தான்.

"என்னம்மா பிரச்சினை? பச்சையாத்தானே இருக்கு?"

"பச்சையாத்தான் இருக்கு சார். அதுதான் பிரச்சினை."

"போன வருஷமும் பம்ப்ல சத்தம்னு கூப்பிட்டீங்க. ஒண்ணுமே இல்ல. அடுத்த வாரம் கருத்தரங்கு, ஒவ்வொரு மணி நேர டேட்டாவும் வேணும். இதுவும் சும்மான்னா அடுத்த மாசப் பட்டியல்ல உங்க பேரு இருக்காது. இப்பவே சொல்லிட்டேன்."

"சரி சார். முள்ளைப் பார்த்துட்டு வந்து எடுங்க."

லீடர் திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஒருங்கிணைப்பாளர் கதவை அறைந்துகொண்டு தானே நடந்தார்.

இருபத்தைந்து நிமிடம். அவள் மற்ற நாற்பத்தோரு வரிகளையும் இன்னொரு தரம் பார்த்தாள். ஒவ்வொன்றையும் மறுபடி நோட்டில் எழுதினாள்.

திரும்பி வந்தவரின் குரலில் வேகம் இல்லை. முள் 1.9இல் நின்றதாம். இரண்டுக்குக் கீழே போனாலே சிவப்பு. அழுத்தத்தைப் படித்துச் சொல்கிற கணினி நேற்று மத்தியானமே உறைந்துபோய், கடைசியாகப் படித்த எண்ணையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

"சரிபண்ண ஆள் போயாச்சு," என்றார். "அழுத்தம் இப்பத்தான் இறங்கியிருக்கும். காலைல ஆறு மணி வரைக்கும் நல்ல டேட்டான்னு போட்டுடுங்க."

"நீங்க பார்த்தீங்களா சார்?"

"என்னது?"

"ஆறு மணிக்கு முள்ளைப் பார்த்தீங்களா? நான் பார்க்கல. இவரும் பார்க்கல. யாரும் பார்க்காத பாலை நல்ல பால்னு எப்படிப் போடுறது?"

"எந்தப் பாலு?" என்றார் லீடர்.

நேற்று ஒரு மணியிலிருந்து இன்று ஒன்பது மணிவரை, இருபது மணி நேரத்துக்கும் 'சந்தேகம்' என்று கணினிப் பதிவேட்டில் தட்டினாள். கீழே இன்னொரு வரி: 'நேற்று மூன்று மணிக்கே கவனித்திருக்க வேண்டும். கவனிக்காதது என் தவறு.' அந்தப் பதிவேட்டில் எழுதியதை எழுதினவராலும் அழிக்க முடியாது. கீழே சேர்க்கத்தான் முடியும்.

ஒருங்கிணைப்பாளர் தோளுக்கு மேலிருந்து படித்தார்.

"உங்க தப்பை நீங்களே எழுதிக் கொடுத்துட்டீங்க. இதை வச்சே உங்களை எடுக்கலாம், தெரியுமா?"

"எடுங்க சார். ஏன் எடுத்தீங்கன்னு அதுக்குக் கீழேயே எழுதிடுங்க. அழியாது."

வீட்டில் கணவர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "பேசாம ஒரு டிக் போட்டுட்டு வந்திருக்கலாமில்ல?"

"பால் கேஸுக்கு நீங்கதானே கூட வந்து நாள் முழுக்க நின்னீங்க?"

"அதனாலதான் சொல்றேன். இப்ப மூட்டுவலி வேற."

மாதக் கடைசியில் பட்டியல் ஒட்டினார்கள். மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். பெயர் இருந்தது. நாலு ஷிஃப்ட், நாலும் ஞாயிற்றுக்கிழமை காலை. யாருக்கும் பிடிக்காத ஷிஃப்ட்.

முதல் ஞாயிற்றுக்கிழமையும் ஆறு ஐம்பதுக்கே போய்விட்டாள். இந்தத் தடவை பையில் மூன்று பேனா. உள்ளே அதே லீடர் தூக்கம் கலையாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் நாலு ஞாயிறு.

"உங்களாலதான்க்கா," என்றார்.

"இருக்கட்டும் தம்பி. பத்தொன்பதைப் படிங்க."

அவர் பெருமூச்சு விட்டுத் திரையைப் பார்த்தார். "மூணு. பச்சை."

அவள் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தாள்.

"சரிக்கா. மூணு புள்ளி ரெண்டு பூஜ்யம் நாலு." கொஞ்சம் முன்னால் குனிந்தார். "இல்ல, அஞ்சு. இருங்க, ஆறாயிடுச்சு. நிக்கவே மாட்டேங்குது."

"அப்படித்தான் இருக்கணும்," என்று எழுதிக்கொண்டு, டிக் போட்டாள்.