மாப்பிள்ளைக்கு வாங்கிய பாய்லர்

எங்கள் அப்பாவுக்கு ஏலக்காயைத் தவிர உலகத்தில் வேறொன்றும் தெரியாது. ஏலக்காயும் பாதிதான் தெரியும் என்பது என் கருத்து. ஆனால் போடிக் கடைவீதியில் கடை வைத்திருந்தாரே, அதனால் கல்யாணப் பேச்சிலிருந்து கால்வலி வரைக்கும் எதற்கும் தீர்ப்புச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. என் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவர்தான்.

அத்தான் மலையில் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. எழுதுவது கூலிக் கணக்கு. நினைப்பு என்னவோ தோட்டத்துக்கே தான்தான் துரை என்று. வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போய்ச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. அவன் கழற்றிப் போட்டுவிட்டுப் போன தோரணையை இவர் எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். காலையில் கண் விழித்தால் வெந்நீர் தயாராக இருக்க வேண்டும். சுட வேண்டும், ஆனால் தோலை உரிக்கக் கூடாது. அப்பப்பா!

அந்தத் தைப்பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவருக்கு, அம்மா விறகடுப்பில் காய்ச்சிய தண்ணீர் கொல்லைக்குப் போவதற்குள் ஆறிவிட்டது. "பச்சத்தண்ணியில குளிக்க வச்சு என்னைய அவமானப்படுத்திட்டாக" என்று சொல்லிவிட்டு, அக்காவை எங்களிடமே விட்டுவிட்டுத் தனியாக மலையேறிப் போனார். வெந்நீர் ஆறியதற்குப் பெண்டாட்டியை விட்டுப்போன மகராசன் வேறு எந்த ஊரிலாவது இருந்தால் சொல்லுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஐப்பசி பிறந்தும் அக்கா எங்களோடுதான் இருந்தாள். தெருவில் எவள் எதிரே வந்தாலும் "இன்னுமா கூட்டிட்டுப் போகல?" என்பதுதான் பேச்சு. அக்கா கிணற்றடிக்குப் போவதையே விடிவதற்கு முன்னால் வைத்துக்கொண்டாள், யார் கண்ணிலும் படாமல் இருக்க. அவளுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று இருந்தது. அந்த ஆளுக்காகவா, அந்தக் கேள்விக்குப் பயந்தா என்று நான் அவளைக் கேட்டதில்லை.

அப்பா யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். மதுரைக்குப் போய்ச் செம்புப் பாய்லர் ஒன்று வாங்கிவந்தார். ரயிலில் வந்து இறங்கிய அதை மாட்டுவண்டியில் ஏற்றி, நேரே வீட்டுக்கு வராமல் கடைவீதியைச் சுற்றி ஊர்வலமாகக் கொண்டுவந்தார். இடுப்பு உயரம் இருக்கும். சுற்றிலும் தண்ணீர் நிற்கும், நடுவில் ஒரு குழாய். குழாய்க்குள் கரியைப் போட்டுப் பற்றவைக்க வேண்டும். அடியில் இரும்புச் சல்லடை, அதற்கும் கீழே சாம்பல் அள்ள ஒரு சின்னக் கதவு. அவ்வளவுதான் விஷயம். ஆனால் மஞ்சள் குங்குமம் வைத்துக் கொல்லையில் நிறுத்திவிட்டு அப்பா எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"ஒருத்தரும் தொடப்படாது. மாப்ள குளிச்ச பெறகு மிச்சம் மீதி இருந்தா பொம்பளைக குளிங்க."

மாப்பிள்ளை வருவதற்கு முன் ஒரு தடவையாவது பற்றவைத்துப் பார்க்கலாமே என்றேன். புதுசை மாப்பிள்ளைதான் தொடங்க வேண்டுமாம். அது பாய்லரா, புதுக்கடையா?

வெந்நீருக்கு மிஷினே வந்துவிட்டது என்று மலைக்கு ஓர் ஆளிடம் சொல்லியனுப்பினார். மிஷின் என்றதும் அத்தானுக்கு மனசு இளகிவிட்டது. ஒரு சாயங்காலம் ஜீப்பில் வந்து இறங்கினார். மறுநாள் காலையில் எண்ணெய்க் குளியல், பிறகு சாப்பாடு, மத்தியான ஜீப்பில் அக்காவைக் கூட்டிக்கொண்டு மலைக்கு என்று பேச்சு. அக்கா டிரங்குப் பெட்டியைக் கட்டிவைத்தாள். விடிந்ததும் பூ வைத்துக்கொண்டாள். எத்தனையோ மாதம் கழித்து அவள் முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பாவமாக இருந்தது.

வெளியே சாரல். கொல்லைத் தாழ்வாரத்தில் அத்தான் தலையிலிருந்து கால் வரைக்கும் நல்லெண்ணெயைப் பூசிக்கொண்டு, கோவணத்துக்கு மேல் ஒரு துண்டைச் சுற்றி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்ணெய் மூக்கு நுனியில் சொட்டியது. அப்பா பாய்லருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். கரியை எடுப்பார் என்று பார்த்தால், கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு சாக்கை அவிழ்த்தார். காய்ந்த ஏலக்காயைத் தேய்க்கும்போது உதிருமே, காம்பும் தூசியும், அது.

"புகையே ஏலக்கா மணக்கும் மாப்ளே. தெருவுக்கே தெரியட்டும், ஏலக்கா யாவாரி வீட்டு வெந்நின்னு."

கை கையாக அள்ளிக் குழாய்க்குள் அமுக்கினார். அதன் மேல் கரி. கரிக்கு மேல் மறுபடியும் காம்பு. மண்ணெண்ணெய் ஊற்றித் தீக்குச்சியைப் போட்டார். குப்பென்று ஒரு சுடர் வந்து, மண்ணெண்ணெய் தீர்ந்ததும் பொசுக்கென்று போய்விட்டது. பிறகு புகை. அடேயப்பா, என்ன புகை! அப்பாவின் ஆசைப்படி தெரு முழுக்க மணந்தது. எங்கள் கண்தான் அவிந்துபோனது.

"கீழ காத்துப் போகணும்ல, அதான் பிடிக்கல" என்றேன்.

"ஆம்பளைக பேசுறப்ப ஊடால பேசாதடி" என்று அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

அத்தான் எழுந்து வந்தார், எண்ணெய் வழிய வழிய. தோட்டத்தில் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர் ரூமில் கதவு ஜன்னலை இறுக்கி அடைத்துத்தான் சூடு ஏற்றுவார்களாம். அந்த வித்தையில் தன்னை மிஞ்ச மலையில் ஆள் இல்லையாம்.

"கீழ கதவத் தொறந்து வச்சுக்கிட்டு சூடு நிக்கலைன்னா எப்பிடி நிக்கும் மாமா? அடைங்க அத."

அப்பா அடியில் இருந்த கதவைச் சாத்தி, ஈரச் சாக்கை வேறு வைத்து அடைத்தார். ஒருவர் சல்லடையை அடைத்தார், இன்னொருவர் கதவை அடைத்தார். இரண்டு ஏலக்காய் மேதைகளும் சேர்ந்து ஒரு நெருப்பின் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டு, அது ஏன் மூச்சு விடவில்லை என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் மண்ணெண்ணெய். மறுபடியும் புகை. ஊதுகுழலை வைத்து அப்பா ஊத, தூசி மொத்தமும் திரும்பி அவர் மூஞ்சியிலேயே அடித்தது. நான் சிரித்துவிட்டேன். அம்மா இன்னொரு கிள்ளு வைத்தாள்.

அத்தானுக்குக் குளிர் எடுத்தது. நடுக்கத்தோடு கோபமும் வந்தது.

"இந்த வீட்டுல எனக்குப் பொண்ணும் சரியா அமையல, வெந்நியும் சரியா அமையல. ரெண்டும் பத்தாத சரக்கு. நீங்களே வச்சுக்கங்க!"

அக்கா கதவோரம் துண்டும் சீயக்காயும் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் முகத்தில் இருந்த தெளிச்சி அப்படியே வடிந்துபோனதை நான் பார்த்தேன். அந்த ஆளை அங்கேயே கிணற்றில் தள்ளிவிடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் எண்ணெய் உடம்போடு சட்டையை மாட்டிக்கொண்டு, சட்டை முதுகில் ஒட்ட, ஜீப்பு நிற்கும் இடத்துக்கு விடுவிடுவென்று நடந்தார். "மாப்ளே, மாப்ளே" என்று அப்பா பின்னாலேயே ஓடினார்.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அக்கா அழவில்லை. துண்டைக் கொடியில் போட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாய்லருக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"அழுகாதம்மா. ஏண்டி, அந்த முறத்தக் கொண்டா. சிரட்டையும் கரியும் எடுத்துட்டு வா, வெரசா."

ஈரச் சாக்கை இழுத்து எறிந்தாள். கதவைத் திறந்தாள். கம்பியால் சல்லடையைத் தட்டத் தட்ட, அப்பாவின் பெருமையெல்லாம் கருகிய தூசியாக முறத்தில் விழுந்தது. அடியில் தேங்காய்ச் சிரட்டை, அதற்கு மேல் கரி. ஒரே தீக்குச்சி. கீழிருந்து காற்று இழுக்கும் சத்தம் கேட்டது, பிறகு நெருப்பின் சத்தம். கொஞ்ச நேரத்தில் செம்பைத் தொட முடியவில்லை.

"தண்ணி காஞ்சிருச்சு. வீணாப் போக வேணாம்" என்று சொல்லிவிட்டு அக்கா வெந்நீர் மொத்தத்தையும் வாளி வாளியாகக் குளியலறைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டு, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

அத்தான் திரும்பி வந்துவிட்டார், பின்னாலேயே அப்பாவும். ஜீப்புக்காரர் ஏற்றவில்லையாம். வண்டிக்குள் ஏலக்காய் அடைக்கிற புதுச் சாக்கு அடுக்கியிருந்ததாம். "எண்ண பட்டா சரக்கு போச்சு கணக்குப்பிள்ளே, குளிச்சிட்டு நில்லுங்க, லோடு ஏறுனதும் வாசல்ல வந்து ஆரன் அடிக்கிறேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். குளியலறைக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்தது.

"வெந்நி ரெடியா?"

"ரெடிதான்" என்றது அக்காவின் குரல். "நான் குளிச்சுக்கிட்டு இருக்கேன்."

கடைசிச் சொட்டு வரைக்கும் குளித்தாள். அத்தான் கிணற்றடியில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, பல் கிட்டிக்க, போகாத எண்ணெயோடு மல்லுக்கட்டினார். அக்கா தாழ்வாரத்தில் உட்கார்ந்து தலையை விரித்துப்போட்டுச் சிக்கெடுத்தாள்.

வாசலில் ஆரன் கேட்டது. "கெளம்புத்தா, மாப்ள நிக்கிறாரு" என்றார் அப்பா.

"தல காயட்டும்ப்பா."

மறுபடியும் ஆரன். அம்மா கும்பிடாத குறையாக நின்றாள். அத்தான் பெட்டியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை.

"தல காயட்டும்" என்றாள் மறுபடியும்.

சாரல் அடிக்கிற நாளில் அத்தனை முடி எப்போது காயும்? அத்தான் தனியாக ஏறிப் போனார். இந்தத் தடவை விட்டுப்போனவர் அவர் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் விடிந்த பிறகுதான் அக்கா கிணற்றடிக்குப் போனாள். தண்ணீர் இறைத்துவந்து பாய்லரைப் பற்றவைத்தாள். அப்பா தோளில் துண்டோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"நாங்க மூணு பேரும் குளிச்ச பெறகு மிச்சம் மீதி இருந்தா கூப்பிடுறேன்ப்பா" என்றாள் அக்கா.