ஐந்து மூக்குக்குத் தைலம்

அந்த மார்கழிக் கடைசியில் எங்கள் வீட்டுக் குதிரைகள் ஐந்துக்கும் ஒரே நேரத்தில் சளி பிடித்துவிட்டது என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் நைனா எதற்காகக் காலையும் மாலையும் நீலகிரித் தைலத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து அதுகளின் மூக்கில் தடவ வேண்டும்? எனக்கு அப்போது ஒன்பது வயது. குதிரைகளைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற எண்ணம் வேறு.

மயிலாப்பூரில் கால்வாயை ஒட்டி எங்கள் வீடு. வீட்டை விடக் கொட்டகை பெரிது. மாலையானால் நைனாவும் சித்தப்பாவும் குதிரைகளைச் சாந்தோம் வழியாகக் கடற்கரைக்கு ஓட்டிப்போய்ப் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடுவார்கள். முதலில் இருந்த நான்கு குதிரைகளில் தலைவி லட்சுமி என்ற வெள்ளைக் கிழவி. கொள்ளு வாளி முதலில் அவளுக்குத்தான் போக வேண்டும். மறந்துபோய் வேறு யாருக்காவது வைத்தால் வாளி கால்வாயில் கிடக்கும்.

ஐந்தாவதாக வந்தது செவலை. கிண்டிப் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரை. கால்கள் மட்டும் நீளம், மற்றதெல்லாம் பயம். காணும் பொங்கல் கூட்டத்துக்கு இன்னொரு குதிரை வேண்டும் என்று நைனா வாங்கினார். பொங்கலுக்குள் மற்றதுகளோடு ஒத்துப்போகாவிட்டால் திரும்பப் பிடித்துப்போவதாக விற்றவர் சொல்லியிருந்தார். பிடித்துப்போய் வேளச்சேரிப் பக்கம் செங்கல் சூளை வண்டியில் பூட்டிவிடுவார் என்று சித்தப்பா சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கார்த்திகைக் கடைசியில் வீட்டுக்கு இன்னொரு புது ஆளும் வந்திருந்தாள். சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு ஆரணியிலிருந்து வந்த சித்தி. அம்மா போன பிறகு எங்கள் வீட்டை ஆண்டது அத்தை, நைனாவின் அக்கா. சித்தி வைத்த குழம்பை அத்தை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "எங்க ஊட்ல இப்டி இல்ல" என்பாள். சித்தி எல்லோரும் சாப்பிட்ட பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள். அவளுக்குச் சுவர் பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

செவலையை மூங்கில் தடுப்புக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்தார்கள். தைலம் பூசத் தொடங்கிய மூன்றாம் நாள், சவாரி முடிந்து வந்து லட்சுமி தும்மிக்கொண்டே நின்றாள். கண்ணில் தண்ணீர். இத்தனை வயதானவளை இப்படி வதைக்கலாமா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் பாவாடை நுனியை நனைத்து அவள் மூக்கைச் சுத்தமாகத் துடைத்துவிட்டேன். அவளும் நன்றாகத்தான் காட்டிக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை நைனா அவசரத்தில், நேற்றைய பூச்சே போதும் என்று புதிதாகப் பூசாமல் தடுப்பை எடுத்தார். லட்சுமி நிதானமாக நடந்துபோய்ச் செவலையின் கழுத்தை ஒரு முறை முகர்ந்தாள். காது இரண்டும் பின்னால் மடிந்தன. அடுத்த நொடி தோளில் ஒரு கடி. திரும்பி ஓர் உதை. செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு கால்வாய்க்கரையோடு பறந்தது. சித்தப்பா துரத்திப்போய்ப் பிடித்து வர வெயில் ஏறிவிட்டது.

"ஒரே வாசனையா இருந்தா வம்பு இருக்காதுன்னு தான் இத்தினி தைலம் பூசனேன்," என்றார் நைனா. "இதுக்கே ஒத்து வரல. அந்த ஆள வந்து இட்டுகினு போவச் சொல்லிடறேன்."

அப்போதுதான் சளி யாருக்கும் இல்லை என்பது எனக்கு உறைத்தது. சமையலறைக்கு ஓடிச் சித்தியின் மடியில் முகத்தைப் புதைத்து எல்லாவற்றையும் கொட்டினேன். அத்தையிடம் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.

சித்தி நைனாவின் எதிரில் நிற்க மாட்டாள்; புருஷனின் அண்ணனான மூத்தார் முகம் பார்த்துப் பேசுவது வழக்கமில்லை. அன்று கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். வந்த நாளாக அவள் நைனாவிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"மாமா, லட்சுமி மூக்குத் தைலத்த நான்தான் தொடச்சிட்டேன். தெரியாம பண்ணிட்டேன்."

பதில் சொன்னது அத்தைதான்: "வந்து ஒரு மாசம் ஆவல. கொட்டாயில ஒனுக்கு இன்னா வேல?"

"தப்புதாங்க. அதுக்காக அத அனுப்பிடாதீங்க. புதுசா வந்தது, இன்னும் நாலு நாள் பாக்கட்டும்."

கதவுக்குப் பின்னாலிருந்து வந்த குரல் நடுங்கியது. பெரியவர்களை யாரும் அடிக்கப்போவதில்லையே, எதற்கு நடுக்கம் என்று நினைத்தேன். நான் தப்பித்துவிட்டேன்; அந்த நிம்மதியில் மத்தியானம் இரண்டு தட்டு சாப்பிட்டேன். சித்தி அன்று சாப்பிட்டாளா என்று பார்க்கவில்லை.

மறுநாள் துணி துவைக்கிற கல்லில் அத்தை என் பாவாடையைப் பிரித்தாள். நுனியை மூக்கருகே கொண்டுபோனாள். அதில் ஒட்டியிருந்த வெள்ளை மயிரை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டாள். என்னைப் பார்த்தாள். நான் காக்கையைப் பார்த்தேன். அவள் பாவாடையைத் தண்ணீரில் முக்கித் துவைக்கத் தொடங்கினாள்.

நைனா விற்றவருக்குச் சொல்லி அனுப்பாமல், மறுபடியும் ஐந்து மூக்குக்கும் தைலம் பூசினார். பொங்கலன்று தடுப்பை எடுத்தார். லட்சுமி செவலையை முகர்ந்தாள், தும்மினாள், வைக்கோலுக்குத் திரும்பிப் போய்விட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. காணும் பொங்கலன்று லட்சுமி முன்னால் நடக்க, கடைசியாகச் செவலையும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கடற்கரைக்கு வந்தது.

மணலில் ஜமுக்காளம் விரித்து அத்தை புளிச்சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தாள். முதல் உருண்டை எப்போதும் எனக்குத்தான். கையை நீட்டினேன். அத்தை என் கையைத் தாண்டிச் சித்தியிடம் நீட்டினாள்.

"இந்தா. மொதல்ல நீ துன்னு."

சித்தி வாங்கிக்கொண்டு வெகு நேரம் சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தாள். அவள் கண் கலங்கியதற்குப் புளிச்சோற்றின் காரம்தான் காரணம் என்று நான் முடிவு செய்தேன். நேற்று வந்தவளுக்கு என் உருண்டையா என்று, கூட்டமெல்லாம் கலைகிற வரைக்கும் யாரோடும் பேசாமல், லட்சுமியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.