காசிநாதன் தூக்கத்தில் திருப்பிய மயில்

காசிநாதன் அண்ணாவுக்குக் கனவு வர ஆரம்பித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. நவீன கவிதை படிக்கிறவன் நான். யாருக்கும் தெரியாமல் எழுதவும் செய்கிறேன். கவிதைகளில் எல்லோருக்கும் கனவில் கடல் வருகிறது, குதிரை வருகிறது. எனக்குத் தலையணையில் எச்சில்தான் வருகிறது. கவிதை என்றாலே கொட்டாவி விடும் மனிதருக்கோ இரவு முழுக்க வண்ணப்படம்.

அவர் நெசவு வீட்டுப் பிள்ளை இல்லை. வாலாஜாபாத் பக்கம் பயிர் வைத்த குடும்பம். படம் நன்றாக வரைகிறான் என்று யாரோ காஞ்சிபுரத்துக்கு அழைத்துவர, கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக அன்னமும் மாங்காயும் நிரப்பப் பழகினார். நாற்பது வயதுக்கு மேல் கம்ப்யூட்டருக்கு மாறினார். அவர் திரையில் போடும் டிசைனை வைத்து அட்டையில் துளை அடிப்பார்கள். அட்டைகளைக் கோத்துத் தறிமேல் மாட்டினால், துளை சொன்னபடி புடவையில் உரு விழும். திரையில் ஒரு தப்பு என்றால் புடவை நெடுகத் தப்பு.

அதனால் எங்கள் முதலாளி ஆனந்தராஜ் ஒரு வழக்கம் வைத்திருந்தார். யார் போட்ட டிசைனையும் இன்னொருவர் பார்த்த பிறகே அட்டை அடிக்கலாம். காசிநாதன் போட்டதற்கு மட்டும் அது கிடையாது. "காசி முடிஞ்சுதுன்னா முடிஞ்சுது" என்பார் முதலாளி. அண்ணா வாழ்நாளில் வாங்கிய ஒரே பட்டம் அது. பக்கத்து நாற்காலியில் உட்காரும் என்னுடைய டிசைனை இரண்டு பேர் பார்ப்பார்கள். அது என்மேல் உள்ள நம்பிக்கை.

விரல் மரத்துப்போகிறது என்று அண்ணா டாக்டரிடம் போனார். பி காம்ப்ளெக்ஸ், காலையில் ஒன்று என்று எழுதிக்கொடுத்தார்கள். இவர் மருந்துக்கடையில் பி6 தனியாக இன்னொன்றும் வாங்கி, இரண்டையும் படுக்கப் போகும்போது விழுங்கினார். "சத்து மாத்திரதானப்பா? ஜாஸ்தி போட்டா ஜாஸ்தி சத்து."

சத்து எங்கே போனதோ, கனவு வந்தது. "பாலாறு ரெண்டு கரையும் தொட்டுக்கினு போவுதுபா. நான் படகுல குந்திக்கினு பார்டர் போடறேன்" என்பார் காலையில். போனில் தேடிப் பார்த்தேன். பி6 சிலருக்குக் கனவை நினைவில் நிறுத்துகிறதாம். ஆராய்ச்சி இன்னும் முடியவில்லையாம். கவிதைக்காக நானும் இரண்டு இரவு போட்டுப் பார்த்தேன். கரண்ட் பில் கட்ட வரிசையில் நிற்பதுபோல் கனவு வந்தது. என் முறை வந்தபோது சாப்பாட்டு நேரம் என்று ஜன்னலை மூடிவிட்டார்கள்.

"அதுக்கு எதுக்குபா மாத்திர? நேரா ஆபீஸுக்கே போயிருக்கலாமே" என்றார் அண்ணா.

அந்த வாரம் ஒரு முகூர்த்தப் புடவை. பார்டரில் ஜோடி மயில். பெண்ணின் அம்மா வந்து பார்த்துவிட்டு, மயில் இரண்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன, கல்யாணப் புடவைக்கு முகம் பார்த்து நிற்க வேண்டும் என்றார். திருப்பிவிடுவதாக அண்ணா வாக்குக் கொடுத்தார். மறுநாள் காலை முதலாளியிடம் "முடிஞ்சுது" என்றார். அட்டை அடித்து, பிள்ளையார்பாளையத்தில் துரைக்கண்ணு தறிக்குப் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து மதியச் சாப்பாட்டில் அண்ணா அந்த மயில் கதையை எடுத்தார். "நீ கெளம்பிட்ட. நான் ஒண்டியா குந்தி ஒவ்வொண்ணா திருப்பிக்கினு இருக்கறேன். நம்ம கலியாணசுந்தரம் இஞ்சி தட்டிப் போட்டு டீ கொண்டாந்தான் பாரு, அடடா!"

என் தயிர்சோற்றுக் கை பாதியில் நின்றது. கலியாணசுந்தரம் டீக்கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு ஓசூர் போய் ஒரு பொங்கல் ஆகிவிட்டது. சொல்லலாமா வேண்டாமா என்று ஊறுகாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் திறக்க நல்ல நேரம் பார்க்க வேண்டும்.

"அண்ணா... அவரு ஓசூர்லதான இருக்காரு?"

அவர் கை கழுவாமலே கம்ப்யூட்டரைத் திறந்தார். மயில்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

என் வண்டியில் பறந்தோம். பறந்தோம் என்பது கவிதை. என் வண்டி நாற்பதைத் தாண்டாது. துரைக்கண்ணு தறியில் ஒரு சாண் துணி ஏறியிருந்தது.

"வா காசி. என்னாபா இது, புருஷன் பொண்டாட்டி சண்ட போட்டுக்கினு திரும்பிப் படுத்தா மாதிரி? முகூர்த்தப் பொடவையா, டைவர்ஸ் பொடவையா?"

"ஒரு போன் போட்டுக் கேக்கக்கூடாதாபா?"

"காசி போட்டதுன்னாங்க. அப்புறம் இன்னாத்த கேக்கறது?"

அண்ணா துணியில் விழுந்த மயில்களை விரலால் தடவிப் பார்த்தார். துரைக்கண்ணுவுக்கே பாவமாகிவிட்டது. "வுடுபா, பிரிச்சிட்டுத் திரும்ப ஏத்திக்கறேன். அட்டை அடிக்கறவன் பழைய ஃபைல எடுத்துட்டான்னு சொல்லிடு. நீ சொன்னா மொதலாளி நம்புவாரு."

நம்புவார். அதுதான் வம்பு.  அண்ணா போனை எடுத்தார்.

"மொதலாளி, அந்த மயிலு... நான் திருப்பல. திருப்பினா மாதிரி கனவு கண்டுட்டேன்."

"என்னாது?"

"கனவு மொதலாளி."

"என்னாது?"

மூன்றாவது முறையும் சொன்னார். அந்தப் பக்கம் முதலாளி சிரித்தது எங்களுக்கே கேட்டது. சிரித்து முடித்துவிட்டு, "இனிமே உன்னுதையும் சந்தோஷ்குமாரு பாத்துடட்டும் காசி" என்றார். சந்தோஷ்குமார் என்பது நான். அண்ணா "சரிங்க" என்றார்.  

மறுநாள் அண்ணாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். "ரெண்டு எதுக்குப் போட்டீங்க? பி6 ரொம்ப நாள் ஜாஸ்தியா போட்டா அதுவே விரல மரத்துப்போக வைக்கும். கடையில வாங்கினத நிறுத்துங்க, நான் எழுதினத காலையில போடுங்க. தூக்கம் எப்படி இருக்குன்னு வந்து சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு ஏதாவது?" என்றார். கரண்ட் பில் விஷயத்தை நான் சொல்லவில்லை.

அதற்கடுத்த டிசைனை முடித்ததும் அண்ணா நாற்காலியை நகர்த்தித் திரையை என் பக்கம் திருப்பினார். "பாருபா. நல்லா பாரு." அவர் டிசைனைப் பார்க்க நான் யார்? ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். தப்பு இல்லை என்று சொல்லவும் கூச்சம்.

"சரியா..."

"வாயத் தொறந்து சொல்லுபா. கவித மாதிரி முனகாத."

"சரியா இருக்குதுண்ணா!"

அவர் அட்டை அடிப்பவருக்குப் போன் போட்டார். "ரெண்டு பேரும் பாத்துட்டோம்பா. அடி."