பள்ளத்துக்குப் பச்சை அடித்தவர்கள்

பிலோமினா அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு ஃபிளெக்ஸ் பேனராக வந்து சேர்ந்தது. இலுப்பூர் பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு படம். மஞ்சளும் சிவப்புமாகப் பின்னணி, நடுவில் கடலோர நலச்சங்கம் ஒன்றின் தலைவர் கை கூப்பியபடி, சுற்றிலும் வரிசை வரிசையாகச் சங்கத்தாரின் முகங்கள். யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்துத் தள்ளிவிட்டேன். சற்று நேரத்தில் அக்காவின் தம்பி சேவியர் அழைத்தார். "அக்கா போயிட்டாங்கண்ணே. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." மறுபடியும் அந்தப் படத்தைத் திறந்தேன். கீழே இடது மூலையில், ஸ்டாம்பு அளவுக்கு, அக்கா இருந்தார்.

பார்ப்பவர் கண் முதலில் எங்கே போகும் என்று வாழ்நாளெல்லாம் கவலைப்பட்ட ஒருவரை, கண் கடைசியில்கூடப் போகாத இடத்தில் ஒட்டியிருந்தார்கள். உடல் வீட்டுக்கு வரும் முன்பே பேனர் தயார். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்.

அக்காவைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். ஆவூர்க்காரர். புவியியல் படித்தவர். புதுக்கோட்டையில் நானும் அவரும் ஒரே வரைபடக் கூடத்தில் வேலை பார்த்தோம். பள்ளிக்கூடச் சுவர்களுக்கும் ஊர் முகப்புகளுக்கும் வரைபடம் போட்டுக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. 'சாந்தமே உருவானவர்' என்று அஞ்சலிக் குறிப்புகளில் நீங்கள் எல்லோரும் இப்போது எழுதுகிறீர்கள். சுத்தப் பொய். அவர் சண்டைக்காரி. என்னோடு மல்லுக்கு நிற்காத வாரமே கிடையாது.

திருவரங்குளம் பக்கத்துக் கண்மாய்களுக்கு ஒருமுறை படம் போட்டேன். கண்மாய்க்கு ஓர் எண், ஓரத்தில் பெயர்ப் பட்டியல். அக்கா பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, கண்ணை அங்கிட்டும் இங்கிட்டும் அலைய விடுற? பேரை அது பக்கத்துலயே எழுதினா கை வலிக்குமா?" என்றார். இடம் போதாது என்றேன். "கிட்டக்கிட்ட இருக்கிறதத்தான் கண்ணு சொந்தம்னு நினைக்கும். ஆளு ஒரு பக்கம், பேரு ஒரு பக்கம் கெடந்தா எவனுக்கு வெளங்கும்?" பிறகு படத்தைச் சுவரில் மாட்டி, என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்து நிறுத்தினார். "கண்ணைச் சுருக்கிப் பாரு. எது மிஞ்சுதோ அதுதான் ஒன் படம். மத்ததெல்லாம் ஒன் ஆசை." சுருக்கிப் பார்த்தேன். கண்மாய்கள் கரைந்துபோய், படத்தைச் சுற்றி நான் ஆசையாகப் போட்டிருந்த பூவேலைக் கரை மட்டும் மிஞ்சியது. வயிற்றெரிச்சலோடு முதலிலிருந்து போட்டேன்.

இனி கடற்கரை ஊரான கட்டுமாவடிக்கு வருகிறேன். புயல் வந்தால் எந்தத் தெரு முழுகும், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று காட்ட மீன் சந்தை அருகே ஒரு போர்டு வைக்க வேண்டும் என, இப்போது பேனர் அடித்த அதே சங்கம் கேட்டது. அக்கா ஒரே ஒரு நீலத்தை எடுத்துக்கொண்டார். தண்ணீர் எவ்வளவு ஏறுமோ அவ்வளவு அடர்த்தி. மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி மட்டும் தடித்த கோடு. மற்றதெல்லாம் வெளிறிய சாம்பல். "அடர்த்தி ஏறினா ஆபத்து ஏறுதுன்னு யாரும் பாடம் எடுக்க வேணாம். எடத்துக்கு ஒரு கலரா மாத்தினா எது கூட, எது கம்மின்னு கண்ணுக்குத் தெரியாது" என்றார். தலைவர் பார்த்தார். "என்னங்க மேடம், கலரே இல்ல. எழவு வீடு மாதிரி இருக்கு" என்றார்.

படத்தை வாங்கிப் போய்த் தாங்களே வண்ணம் அடித்துக்கொண்டார்கள். குரங்கு கையில் பூமாலை. பள்ளிக்கூட அட்லஸில் தாழ்ந்த நிலம் பச்சை, மேட்டு நிலம் பழுப்பு அல்லவா? அதையே இங்கும் அடித்துவிட்டார்கள். முழுகப்போகிற பள்ளமெல்லாம் பசேலென்று. பள்ளிக்கூட மேடு செம்பழுப்பில். போர்டு வைத்த பிறகு அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எதிரே கூடையோடு உட்கார்ந்து மீன் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம், "புயல் வந்தா எங்கிட்டுப் போவீங்க ஆத்தா?" என்று கேட்டார். அந்த அம்மாள் போர்டைப் பார்த்தார். "எங்க வீடு பச்சையிலல்ல இருக்கு. நான் ஏன் போறேன்? செவப்பா இருக்கிறவுகதான் ஓடணும்."

அக்கா நேரே தலைவர் வீட்டுக்குப் போனார். "அதெல்லாம் கீழே விளக்கம் போட்ருக்கோம் மேடம், படிச்சுக்குவாங்க" என்றார் அவர்.

"தண்ணி வீட்டுக்குள்ள வரும்போது யாருங்க நின்னு படிப்பாங்க?"

போர்டு மாறவில்லை. அக்காவின் பெயரைத்தான் கீழே பெரிதாகப் போட்டார்கள். பெயரையாவது எடுங்கள் என்று அக்கா பலமுறை கேட்டும் எடுக்கவில்லை.

ஆவூரில் அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வெளியே வந்ததும், அதே தலைவர் எல்லோர் முன்பும் அறிவித்தார்: "மேடம் நினைவா அந்தப் போர்டை இன்னும் பெருசா வைக்கப் போறோம்." சிலர் கை தட்டினீர்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. "அவங்க வேணாம்னு சொன்ன போர்டுங்க அது" என்றேன். "சாவுக்கு வந்த எடத்துல சண்டை வேணாம் தம்பி" என்று என் தோளைத் தட்டினார். கையைத் தட்டிவிட்டேன். சேவியர்தான் என்னை இழுத்துக்கொண்டு போனார். அன்று என்னைக் குடிகாரன் என்று நினைத்தவர்களுக்கு இப்போதாவது விஷயம் புரிந்திருக்கும்.

நேற்று கட்டுமாவடிக்குப் போனேன். அக்கா போட்ட நீலப் படத்தைப் பெரிதாக அச்சடித்து, அந்தப் போர்டின் மேல் ஒட்டினேன். தடுக்க வந்தவர்களிடம் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. மீன்கார அம்மாள் அதே இடத்தில்தான் இருந்தார். எழுந்து வந்து பார்த்தார். தன் தெருவைத் தேடிப் பிடித்து, இருப்பதிலேயே கருத்த நீலத்தில் விரலை வைத்தார்.

"எங்க வீடு இவ்வளவு இருட்டுலயாய்யா இருக்கு?"

"ஆமாங்கம்மா."

"இத்தனை நாளா ஏன்யா ஒருத்தரும் சொல்லல?"

ஒருவர் சொன்னார். தொண்டை வற்றச் சொன்னார். பேனரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அக்காவின் சுருக்கிய கண்ணையும் அவருடைய கோபத்தையும் நான் வைத்துக்கொள்கிறேன். அந்தப் படத்தை யாராவது கிழித்தால் மறுநாளே வந்து மறுபடியும் ஒட்டுவேன்.