ஐம்பது காபியோன்

எனக்கு எண்பத்தொன்பது வயசு. பெத்தது நாலு, தங்கச்சி விட்டுட்டுப் போனது மூணு, ஆக வளர்த்தது ஏழு. ஏழு பேரும் கண்ணாடி போட்டுத்தான் படிக்கிறார்கள். நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், ஆனால் கண்ணாடி இல்லாமல். கம்பி வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

அப்போது சைகோனில் பிரெஞ்சுக்காரன் இருந்தான், ஊரைச் சுற்றிச் சண்டையும் இருந்தது. ஆற்றுத்துறைப் பக்கம் எங்கள் கம்பிப் பட்டறை. முள்கம்பி எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விடும். நாங்கள் சாதாக் கம்பியை வலையாகப் பின்னிச் சுருட்டி வைப்போம். மலையிலிருந்து கல் உருளாமல் சரிவின்மேல் அதைப் போர்த்துவார்கள். அந்த வலையிலேயே பெரிய கூடை கட்டி, உள்ளே கல் நிரப்பி, மண் சரிகிற இடத்தில் அடுக்குவார்கள். தண்ணீர் கல் இடுக்கில் போய்விடும், மண் நின்றுவிடும்.

அந்தோணி மேஸ்திரிக்குக் காரைக்கால், பழைய பட்டாளத்துக்காரர், படிப்பு கிடையாது. சீட்டு படிக்க ஆள் வேண்டும் என்றுதான் என்னைச் சேர்த்தார். ரோட்டு ஆபீஸிலிருந்து வந்த முதல் சீட்டு, அங்கேயிருந்த புதுச்சேரி குமாஸ்தா தமிழில் எழுதியது. "காபியோன் 50, திங்கள் காலை, துரை வருவார்." மூன்று தரம் எழுத்துக்கூட்டினேன். காபி புரிந்தது. யோன் துரையின் பேராக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மேஸ்திரியிடம் ஐம்பது காபி என்றேன். பட்டறையைப் பார்க்க வருகிறார்கள் போல, பாலைக் கெட்டியாக ஊற்று என்றார்.

திங்கட்கிழமை துரை வந்தார், கூடவே குமாஸ்தா, இரண்டு லாரி, அரிசித்துறையில் மூட்டை தூக்குகிற முப்பது வியட்நாமியர். எல்லாருக்கும் காபி கொடுத்தேன். துரை குடித்துவிட்டு என்னவோ சொன்னார்.

"காபி நல்லா இருக்காம்," என்றார் குமாஸ்தா. "கூடை எங்கேன்னு கேக்கறாரு."

கூடைக்குப் பிரெஞ்சில் கபியோனாம். குமாஸ்தா 'க'வுக்குப் பக்கத்தில் ஒரு கால் கூடப் போட்டுவிட்டார். வுங் டாவ் போகிற வழியில் மலையோரம் மண் சரிகிறது, மழை தொடங்கிவிட்டது. பட்டாள வண்டிகளோடு சேர்ந்துதான் லாரி போகமுடியும், அவை மத்தியானம் கிளம்பிவிடும். கூடை இல்லையென்றால் வேலையை வேறு பட்டறைக்குக் கொடுத்துவிடுவாராம்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "படிக்கத் தெரியும்னியே, புள்ளே?"

"படிச்சேண்ணே. காபின்னு இருந்துச்சு. போட்டுட்டேன்."

"நாளைலேருந்து வராதே."

வீட்டில் அப்போது மூன்று குழந்தைகள். காலி டம்ளர்களைப் பொறுக்கப் போனேன். ஒருத்தன் சாக்கு ஊசியால் பல் குத்திக்கொண்டிருந்தான். அரிசி மூட்டைக்கு வாய் தைக்கிறவர்கள்! வலைச் சுருள் பட்டறை நிறையக் கிடக்கிறது. வெட்டி விளிம்போடு விளிம்பு தைத்தால் கூடைதானே.

ஒரு வலைத்துண்டையும் கம்பியையும் எடுத்துக்கொண்டு அவன் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு சுற்று, அடுத்த கண்ணில் இரண்டு சுற்று, இறுக்கு. அவன் சிரித்தான். என் கையிலிருந்து பிடுங்கி, என்னைவிட வேகமாகத் தைத்தான். மேஸ்திரி வெட்டிரும்பை எடுத்து வலையை வெட்டிப்போட ஆரம்பித்தார். அடியோடு நாலு பக்கமும் மூடியும் தைத்து, தட்டையாக மடக்கி லாரியில் ஏற்றினோம். கல் நிரப்புவதும் மூடியைக் கட்டுவதும் அங்கே போய்த்தான். இடையில் இன்னொரு தரம் காபி. துரையும் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு ஒரு கூடை தைத்தார், கோணலாக. அதை அடியில் வைத்தோம்.

பட்டாள வண்டி கிளம்பும்போது ஐம்பதும் ஏறியிருந்தது.

"நாளைக்கு வா," என்றார் மேஸ்திரி. "சீட்டு வந்தா மட்டும் குமாஸ்தாவையே வாசிக்கச் சொல்லு."

இருபது வருஷம் அங்கே வேலை செய்தேன். தெரியாத சொல் வந்தால் கேட்டுவிடுங்கள், பிள்ளைகளே. பாதி புரிந்தது போதும் என்று அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள்.

லூசியா, மகளே, இங்கே வா. இதை வாசித்துக் காட்டு. நீயாக நினைத்துக்கொண்டு வாசிக்காதே, எழுதியிருக்கிறதை வாசி. கால் எங்கேயாவது கூட இருந்தால் சொல்லு.