அம்மாள் மனோன்மணி வீட்டுக்குத்தான் போனாள்

நான் அடைக்கலம் கொடுத்த பூரணத்தைப் பிடித்துக்கொண்டு போக அவளுடைய புருஷன் கரம்பொனுக்குப் போகிறான் என்ற செய்தி எனக்குக் கிடைத்தபோது, நயினாதீவில் சோளகக் காற்று பேய் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. கரையில் ஒரு வத்தைகூட மிதக்கவில்லை. எல்லாவற்றையும் மேட்டுக்கு இழுத்துக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். நான் இங்கே, பிள்ளை அங்கே, நடுவில் கடல். உலக யுத்தம் நடந்து அரிசிக்குக் கூப்பன் வந்திருந்த காலம், ஆடி மாதம். அன்று நான் பட்ட பாட்டையும் எங்கள் கோவிலில் இருக்கிற நயினை அம்மாள் எனக்குக் கொடுத்த பதிலையும் அடியார்களாகிய நீங்கள் அறியவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் பேர் நாகம்மா. கோவிலுக்குக் கிட்ட இருப்பது என் சீதன வீடு. புருஷன் தென்பகுதியில் சுருட்டுக்கடை வைத்திருந்தார். வருஷத்தில் இரண்டு தரம் வந்து போவார். பிள்ளைகள் இல்லை. என் தங்கை பாக்கியம் ஒருநாள் புருஷனின் அடி தாங்காமல் எங்களிடம் ஓடிவந்தாள். பெரியவர்கள் அவளுக்குத் தலை வாரிப் பூ வைத்து, பலகாரப் பெட்டியும் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவளைக் கிணற்றுக்குள் இருந்துதான் எடுத்தோம். அன்றைக்கே அம்மாளுக்கு முன்னால் நின்று சொன்னேன், அடிபட்டு வருகிற எந்தப் பெண்ணுக்கும் என் வீடு திறந்திருக்கும் என்று.

திறந்து வைப்பது பெரிய வேலை இல்லை. ஒளித்து வைப்பதுதான் வேலை. அதற்கும் அம்மாளே வழி காட்டினாள். அம்மாளுக்கு நேர்த்தி என்று சொல்லி எங்கள் தீவுக்கு வந்து தங்குகிற பெண்ணை ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. இத்தனை வெள்ளிக்கிழமை விரதம், இத்தனை நாள் வாசல் கூட்டுவது என்று நான் சொல்லிக்கொடுப்பேன். பிள்ளைகளும் கூட்டுவார்கள். ஆனால் நயினாதீவுக்கு எல்லா ஊரும் வரும். ஆனித் திருவிழாவுக்கு முன்னர் பிள்ளைகளை வேறிடத்துக்கு மாற்றாவிட்டால் அவரவர் சொந்தக்காரர் கண்ணிலேயே படுவார்கள். அதனால் வத்தையில் ஏற்றி ஊர்காவற்றுறையில் இறக்கி, கரம்பொனில் இருந்த மனோன்மணியின் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

இந்த மனோன்மணியைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சாட்சியைச் சொல்ல முடியாது. சொல்லத் தொடங்கினாலோ எனக்கு வயிறு எரியும். என்னைவிடப் பத்து வயது இளையவள். விதவை. பெரிய வளவு, உயர்ந்த வேலி, வீட்டில் ஒரு தையல் மெஷின். தேவாரம் பாடினால் போகிறவன் நின்று கேட்பான், அப்படி ஒரு குரல். பிள்ளைகளைச் சாமத்தில் ஏற்றுக்கொண்டவள் நான். புண்ணுக்கு எண்ணெய் பூசியவள் நான். பேன் பார்த்தவள், கூப்பன் அரிசியைப் பங்கிட்டுப் பட்டினி கிடந்தவள் எல்லாம் நான்தான். மாமிக்காரிகளிடம் அடி வாங்கி ஓடிவந்த பிள்ளைகள் என்னையும் ‘மாமி’ என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே போன ஒரு கிழமைக்குள் அவளை ‘அம்மா’ என்பார்கள். வத்தை ஓட்டுகிற கதிரவேலு அண்ணை வந்து, “பிள்ளையள் மனோன்மணி அம்மாவோட நல்ல சந்தோஷம்” என்று சொல்லும்போது, கையில் இருக்கும் அகப்பையை அவர் தலையில் போடலாம் போல வரும்.

பூரணம் நெடுந்தீவுப் பிள்ளை. வயது பதினேழு இருக்கும். மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கோவிலுக்கு வந்த கூட்டத்தோடு வந்து, திரும்பிப் போகாமல் தேர்முட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தாள். முழங்கையில் பனைமட்டை அடி. முக்காட்டை விலக்கிப் பார்த்தேன். கிணற்றடியில் யாரையோ பார்த்துச் சிரித்தாளாம் என்று புருஷன் அவளுடைய தலைமயிரைக் கத்தியால் அறுத்திருந்தான். மாமியார் பிடித்துக்கொண்டாளாம், மகன் அறுத்தானாம். அவனுக்குப் பெண்சாதியில் பொறாமை என்று ஊரில் சொன்னார்களாம், ஏதோ அன்பு மிஞ்சிப்போனது மாதிரி. எனக்கும்தான் பொறாமை இருக்கிறது. நான் ஒருத்தியின் தலையில் கை வைத்ததில்லை.

அந்தப் பிள்ளை அதிகம் பேசமாட்டாள். படுக்கும்போது என் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவாள். அதனால் அவளை அனுப்ப எனக்கு மனமே இல்லை. திருவிழா நெருங்கியது, நெடுந்தீவுச் சனம் வரப்போகிறது, அனுப்பித்தான் ஆகவேண்டும். வத்தையில் ஏறும்போது அழுதாள். சந்தோஷமாக இருந்தது எனக்கு. இவளாவது என்னை மறக்கமாட்டாள் என்று நினைத்தேன். திருவிழா முடிந்து வந்த கதிரவேலு அண்ணை சொன்னார், “உங்கட பூரணம் இப்ப பாடப் பழகுது.” அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தச் செய்தியும் அவர் வாயாலேயே வந்தது. காற்றுக்குத் தப்பிக் கடைசியாகக் கரை சேர்ந்தது அவருடைய வத்தை. தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து முற்றத்தில் நின்றார்.

“நாகம்மா, பூரணத்தின்ர புருஷன்காரன் ஊர்காவற்றுறையில வந்து நிக்கிறான். ஆரோ பிள்ளையக் கண்டு சொல்லிப்போட்டினம். விதானையாரையும் கூட்டிக்கொண்டு நாளைக்குக் கரம்பொனுக்குப் போறானாம்.”

“இப்பவே வத்தையை இறக்கும் அண்ணை. நான் போகவேணும்.”

“இந்தக் காத்துக்கு ஏலாது பிள்ளை. நடுக்கடலில நீரும் இல்லை, நானும் இல்லை.”

விதானையார் அரசாங்க ஆள், அவர் வந்தால் வேலிப் படலையைத் திறந்துதான் ஆகவேண்டும். கட்டின பெண்சாதியைக் கொண்டுபோகிறேன் என்று புருஷன் கேட்டால் ஊரில் மறித்துச் சொல்ல ஒருவரும் இல்லை. பூரணம் திரும்பிப் போனால் பாக்கியம் போன வழிதான். நேராகக் கோவிலுக்கு ஓடினேன்.

உச்சிக்காலப் பூசை முடிந்திருந்தது. மூலஸ்தானத்துக்கு முன்னால் நின்று நான் பாடவில்லை, அழவில்லை, நேர்த்தியும் வைக்கவில்லை. சண்டைதான் பிடித்தேன்.

“தாயே, இத்தனை வருஷமா உன்ர வாசலைக் கூட்டுறன். நாகம்மா எண்டு உன்ர பேரையே வைச்சிருக்கிறன். அந்தப் பிள்ளைய நான் உன்னை நம்பித்தான் வைச்சிருந்தனான். இண்டைக்கு எனக்குப் போக ஏலாது. நீ போ. நீயே போய் அந்தப் படலையில நில்.”

இப்படித்தான் கேட்டேன். சொல்லுக்குச் சொல் இதுதான்.

காற்று அடங்க இரண்டு மூன்று நாள் பிடித்தது. அந்த நாட்களில் நான் பச்சைத்தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. முதல் வத்தையில் ஏறி ஊர்காவற்றுறையில் இறங்கி, வெயிலில் கரம்பொனுக்கு நடந்தேன். பிள்ளை போயிருப்பாள் என்றுதான் நினைத்தேன். மனோன்மணியை என்ன கேட்பது என்று வழி நெடுகச் சொல் சேர்த்துக்கொண்டு போனேன். உயர்ந்த வேலி கட்டி வைத்திருந்தாயே, அதனால் என்ன பயன் என்று கேட்பதாக இருந்தேன்.

படலையில் வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது.

எங்கள் பக்கத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. அந்த வீட்டில் யாருக்கோ அம்மாள் வருத்தம் என்கிற அம்மை நோய், மேலில் முத்து முத்தாய்ப் போட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த வீட்டுக்குள் வெளியார் கால் வைக்கமாட்டார்கள். எனக்கு உச்சந்தலையில் கோபம் ஏறியது. அம்மாளின் பேரில் பொய் வேப்பிலை கட்டி ஏமாற்றியிருக்கிறாள் என்று நினைத்தேன். படலையைத் தள்ளிக்கொண்டு போனேன்.

“மனோன்மணி! அம்மாளின்ர பேரை விளையாட்டுக்கு எடுத்தனீரோ? உமக்குப் பயம் எண்டது இல்லையோ?”

அவள் கையில் வேப்பங்குழை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். கண் சிவந்து, பல நாள் தூங்காத முகம். “பொய் இல்லை அக்கா,” என்றாள். “உள்ள போய்ப் பாருங்கோ.”

உள்ளே வேப்பிலை பரப்பி அதன்மேல் பூரணம் கிடந்தாள். முகம், கழுத்து, கை எல்லாம் முத்து. பொக்குளிப்பான்.

நடந்ததை மனோன்மணி சொன்னாள். நான் கோவிலில் நின்ற அன்று மாலைதான் பிள்ளைக்கு மேலில் போடத் தொடங்கியதாம். விடிய வேப்பிலை கட்டிவிட்டு நிமிர்ந்தால், விதானையாரும் புருஷனும் ஒழுங்கையில் வருகிறார்கள். விதானையார் வேப்பிலையைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலேயே கும்பிட்டாராம். புருஷன்தான் குதித்தானாம். “உதெல்லாம் வேஷம், நான் உள்ள போறன்!” மனோன்மணி படலையை அகலத் திறந்துவிட்டாளாம். “வாரும். வந்து பாரும்.” அவன் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தான். பூரணத்தின் முகத்தைக் கண்டான். அதற்குப் பிறகு அவன் போன வேகத்துக்கு விதானையாராலும் கூடப் போக முடியவில்லையாம்.

அம்மாள் வந்திருக்கிறாள். நான் கேட்டபடியே அந்தப் படலையில் வந்து நின்றிருக்கிறாள். விழுந்து கும்பிட்டேன், அழுதேன். எழும்பியபோது வேறொன்று நெஞ்சில் ஏறியது. இதை மறைத்துச் சாட்சி சொல்ல எனக்கு விருப்பமில்லை. இத்தனை வருஷம் வாசலைக் கூட்டினவள் நான். ஒருநாள் என் முற்றத்தில் அவள் கால் வைத்ததுண்டா? கடல் தாண்டி இவளுடைய வீட்டுக்கு வந்து, இவளுடைய பாயில் படுத்து, இவளுடைய பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். போ என்று சொன்னவளும் நான்தான். போய்விட்டாள் என்று எரிந்தவளும் நான்தான்.

எனக்குச் சின்ன வயதிலேயே அந்த வருத்தம் வந்து போனது, பயமில்லை. தண்ணீர் வார்த்துத் தலைமுழுக்காட்டும்வரை அங்கேயே தங்கிவிட்டேன். இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு பார்த்தோம். நான் குழையால் விசிறினால் அவள் இளநீர் வெட்டிக்கொண்டு வருவாள். அவள் விசிறினால் நான் பாயை மாற்றுவேன். ஒரு சாயந்தரம் பூரணம் கண்ணைத் திறந்து, “மாமி, பாடுங்கோ,” என்றாள். என்னைத்தான் கேட்டாள். மனோன்மணி சிரிப்பை அடக்கிக்கொண்டு, அடுப்பைப் பார்ப்பதுபோலக் குசினிக்குள் போய்விட்டாள். என் குரலைக் கேட்டால் காகமும் பறக்கும். இருந்தாலும் பாடினேன், கொஞ்சம் சத்தமாகவே, குசினிவரை கேட்கட்டும் என்று.

வருத்தம் இறங்கத் தொடங்கியபோது ஒருநாள் காலை ஒரு கிழவி இளநீர்க் குலையோடு படலைக்கு வெளியே வந்து நின்றாள். பூரணத்தின் மாமியார். தலைமயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாளே, அந்தக் கைதான் கும்பிட்டுக்கொண்டு நின்றது.

“தாயே, என்ர மோன் வீட்டில காய்ச்சலோட கிடக்கிறான். உன்ர வாசலில கத்திப்போட்டான், பொறுத்துக்கொள் தாயே. என்ன குறை எண்டு சொல்லு. என்ன கேட்டாலும் செய்யிறம்.”

முத்துப் போட்டவளின் மேலில் அம்மாள் நிற்கிறாள். அந்த நேரம் அவள் கேட்டதை மறுக்கக்கூடாது. இது எங்கள் ஊர் வழக்கம், உங்களுக்குத் தெரியும். நானும் மனோன்மணியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பூரணம் பாயில் எழுந்து உட்கார்ந்தாள். வெட்டுப்பட்ட மயிர் கழுத்தளவில் குத்திட்டு நின்றது. வெளியே பார்த்து, படலைவரை கேட்கச் சொன்னாள்:

“நான் அந்த வீட்டுக்கு வரமாட்டன். ஒருத்தரும் என்னைத் தேடி வரவேண்டாம்.”

“ஓம் தாயே. ஓம், ஓம்.” கிழவி ஒழுங்கை மண்ணில் விழுந்து கும்பிட்டாள். இளநீரை வைத்துவிட்டுப் பின்பக்கம் காட்டாமல் நடந்து போனாள். அன்றிலிருந்து நெடுந்தீவிலிருந்து ஒருவரும் பூரணத்தைத் தேடி வரவில்லை. மகனுக்குக் காய்ச்சல் மாறிய பிறகும் வரவில்லை. அம்மாள் சொல்லிவிட்டாள் என்று ஊர் முழுக்கச் சொன்னது அந்தக் கிழவிதான்.

அன்று பின்னேரம் பூரணத்துக்கு விசிறிக்கொண்டிருந்தபோது பக்தியோடு கேட்டேன், “பிள்ளை, காலையில கதைச்சது அம்மாளோ?”

“நான்தான் மாமி சொன்னனான்,” என்றாள். “அங்க இருக்கேக்கையும் இதைத்தான் சொன்னனான். எத்தினை தரம் சொன்னனான். ஒருத்தரும் கேக்கேல்லை.”

எனக்குப் பாக்கியத்தின் ஞாபகம் வந்தது. அவளும் அன்று எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து சொன்னாள், போகமாட்டேன் என்று. நாங்கள் பூ வைத்துக்கொண்டிருந்தோம்.

அடியார்களே, நயினை அம்மாள் என் வேண்டுதலைக் கேட்டாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பூரணம் இப்போதும் கரம்பொனில்தான் இருக்கிறாள். சட்டை தைக்கிறாள், நன்றாகப் பாடுகிறாள், மயிர் இடுப்புவரை வளர்ந்துவிட்டது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்குப் படலை திறப்பது அவள்தான். நான் அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகளை வத்தையில் ஏற்றிவிட்டேன். ஒவ்வொருத்தியை அனுப்பும்போதும் வயிறு எரியத்தான் செய்கிறது. அந்த எரிச்சலையும் கொண்டுபோய் அம்மாளுக்கு முன்னால் வைத்துவிட்டு, அனுப்பிவிடுகிறேன். எரிச்சலை எடுத்துவிடு தாயே என்றும் கேட்டுப் பார்த்தேன். அதை மட்டும் இன்னும் தரவில்லை.

உங்களுக்கும் ஒரு இக்கட்டு வந்தால் போய்க் கேளுங்கள். சண்டை பிடித்தாவது கேளுங்கள். அவள் வருவாள். உங்கள் வீட்டுக்குத்தான் வருவாள் என்று மட்டும் எண்ணியிருக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி வந்து நின்று, அங்கே போகமாட்டேன் என்று சொன்னால், அவள் மேலில் முத்துப் போடும்வரை பார்த்திராதீர்கள். அப்போதே அவள் சொல்லைக் கேளுங்கள்.